ஒன்பது வருஷம் பேங்காக்ல: ஒரு 90 நாள் விருந்தாளியோட லாங் டேர்ம் ரிவ்யூ

ஃபோனுக்கு, மிக்ஸிக்கு, பைக்குக்கெல்லாம் லாங் டேர்ம் ரிவ்யூ எழுதுறாங்க, நான் ஒரு ஊருக்கு எழுதலாம்னு உக்காந்துட்டேன். 2016 ஜூலைல பேங்காக் வந்தேன், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், முடிச்சிட்டுக் கிளம்பிடலாம்னுதான் ப்ளான், அது அப்படியே இழுத்து ஒன்பது வருஷம் ஆயிடுச்சு. டூர் வர்றவங்களுக்கு இது உதவாது, பட்டாயா புக்கெட் பத்தியெல்லாம் ஏகப்பட்ட பேர் சொல்லிட்டாங்க. வேலை கெடைச்சு மூட்டை கட்டிட்டு இருக்குறவங்க படிங்க.

மொதல்ல ஒரு வார்த்தை. கேக். பர்த்டே கேக் இல்லீங்க, தாய்லாந்து பாஷைல கேக்னா விருந்தாளி. அதே வார்த்தைதான் நம்மள மாதிரி இந்தியா பக்கத்துல இருந்தும் அரபு நாட்டுப் பக்கத்துல இருந்தும் வந்த ஆளுங்களுக்குப் பேரு. வெள்ளக்காரன் ஃபராங், நாம கேக். சீலோம் ரோட்டுல ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு, 19ஆம் நூற்றாண்டுல இங்க பொழைக்க வந்த தமிழ் ஆளுங்க கட்டுனது, அதுக்கு டாக்ஸிக்காரர்கிட்ட மாரியம்மன் கோயில்னு சொன்னா முழிப்பாரு, வாட் கேக்னு சொன்னா நேரா கொண்டு விட்ருவாரு. அதாவது விருந்தாளிங்க கோயில். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் விருந்தாளிதான். நம்ம ஊர்ல விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்வாங்கள்ல, இங்க அது 90 நாள்.

ஏன் 90னா, ஒரு வருஷ விசா கையில இருந்தாலும் 90 நாளைக்கு ஒருதடவ நான் இன்னும் இந்த அட்ரஸ்லதான் இருக்கேன்னு இமிக்ரேஷனுக்குச் சொல்லணும். டிஎம் 47னு ஒரு ஃபாரம். தேதிக்கு 15 நாள் முன்னாடில இருந்து 7 நாள் பின்னாடி வரைக்கும் டைம் தருவாங்க, அதுக்கு மேல போய் நின்னா 2,000 பாட் ஃபைன். நான் ஒருதடவ கட்டிருக்கேன், யாரையும் குத்தம் சொல்ல முடியாது, சுத்தமா மறந்துட்டேன். கவுன்ட்டர்ல இருந்த அம்மா சிரிச்சிக்கிட்டே காச வாங்கி சிரிச்சிக்கிட்டே ரசீது குடுத்தாங்க, திட்டிருந்தாகூட எனக்கு மனசு லேசா இருந்துருக்கும். நடுவுல வெளிநாடு போய்ட்டு வந்தா கணக்கு திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், இது ஒரு சின்ன சந்தோஷம்.

அதவிட பெரிய அடி 2019ல வாங்குனேன். விசாவ வருஷா வருஷம் 1,900 பாட் கட்டி நீட்டிக்கிறோம்ல, அத வச்சிக்கிட்டு நாட்ட விட்டு வெளிய போகணும்னா ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்துட்டுத்தான் போகணும், ஒருதடவைக்கு 1,000, எத்தன தடவ வேணாலும் போய்ட்டு வரலாம்னா 3,800. அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு நைட்டு ஃபோன் வந்துச்சு, கெடைச்ச ஃப்ளைட்ட புடிச்சு ஓடிட்டேன், பெர்மிட் ஞாபகமே இல்ல. சுவர்ணபூமி ஏர்போர்ட்லயே அதுக்கு ஒரு கவுன்ட்டர் இருக்கு, அத தாண்டித்தான் ஓடிருக்கேன். திரும்பி வர்றப்போ விசா செத்துப்போச்சு. புது விசா, புது ஒர்க் பெர்மிட், மறுபடி மொதல்ல இருந்து. அப்பா பொழச்சுட்டாரு, அது போதும். ஆனா புதுசா வர்ற எல்லார்கிட்டயும் நான் சொல்ற மொத விஷயம் இதான், விசா ஸ்டாம்ப் விழுந்த அன்னைக்கே மல்ட்டிப்பிள் எடுத்துருங்க, 3,800 போனா போகுது.

சம்பள விஷயத்துலயும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. விசா நீட்டிப்புக்கு மினிமம் சம்பளம்னு ஒண்ணு இருக்கு, அது வேலைய பாத்து இல்ல, பாஸ்போர்ட்ட பாத்து. அமெரிக்கா, ஐரோப்பாக்காரங்களுக்கு மாசம் 50,000 பாட், நமக்கு 35,000. சில கம்பெனிங்க இந்த 35,000த்த காட்டி அதுதான் உங்க ரேட்டுங்குற மாதிரி பேசுவாங்க. அது மினிமம்தாங்க, நீங்க பாட்டுக்குப் பேசி வாங்குங்க.

சரி பேப்பர் போதும், மனுஷங்களுக்கு வர்றேன்.

இங்க யாரையும் வெறும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. வயசுல மூத்தவங்கன்னா முன்னாடி "பீ" போடணும். ஆமா, நீங்க நெனைக்கிற அதே உச்சரிப்புதான், மொத மாசம் ஆபீஸ்ல எங்க மேனேஜர மரியாதையா பீன்னு கூப்பிடச் சொன்னப்போ நான் சிரிப்ப அடக்க பட்டபாடு எனக்குத்தான் தெரியும், இப்ப என் பொண்ணு பக்கத்து வீட்டு அக்காவ அப்படித்தான் கூப்பிடுது, ஊருக்கு வீடியோ கால் பண்றப்போ பாட்டி காதுல விழுந்து ஒரே கூத்து. சின்னவங்கன்னா நோங். நம்ம அண்ணன் அக்கா தம்பி தங்கச்சிதான், கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லாருக்கும் இதே முறை. பாத்ததும் "கின் காவ் ரு யாங்"னு கேப்பாங்க, சாப்டாச்சான்னு அர்த்தம். இதெல்லாம் பாத்துட்டு நம்ம ஊர் மாதிரியேதான் இருக்குன்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் தப்பு பண்ணேன்.

2017ல ஒரு மீட்டிங்ல குரல உசத்திட்டேன். நம்ம ஊர்ல அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, கத்திட்டு வெளிய வந்து சேந்து டீ குடிப்போம். இங்க ஒருத்தர் ஒண்ணும் சொல்லல, எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் மூணு வாரம் லஞ்சுக்கு யாரும் கூப்பிடல. க்ரேங்ஜைனு ஒரு வார்த்தை இருக்கு, அடுத்தவங்களுக்குத் தொந்தரவா இருந்துருவோமோ, அவங்க மூஞ்சி வாடிருமோன்னு தயங்குறது. நம்மகிட்ட இருக்குற சங்கோஜம் மாதிரிதான், ஆனா பத்து மடங்கு.

இதுக்கு என் வீட்டுக் கதையே இருக்கு. எங்க பக்கத்து ஃப்ளாட்ல ஒரு பீ இருக்காங்க, ரொம்பத் தங்கமானவங்க. நாங்க குடி வந்த வருஷம் நியூ இயருக்கு ஒரு ரூம் ஸ்ப்ரே கிஃப்ட் குடுத்தாங்க, லெமன்கிராஸ் வாசனை. அடுத்த வருஷம் மறுபடி, இந்தத் தடவ கரண்ட்ல சொருகுறது. சே எவ்ளோ பாசம்னு நெனச்சு நாங்களும் லட்டு செஞ்சு குடுத்தோம். மூணாவது வருஷமும் அதே வரவும் ஆபீஸ்ல ஒரு அக்காகிட்ட சொன்னேன், அவங்க விழுந்து விழுந்து சிரிச்சிட்டு மெதுவா கேட்டாங்க, உங்க வீட்ல என்ன சமைப்பீங்கன்னு. பெருங்காயம்! தெனம் காலைல ஏழு மணிக்கு வீட்ல சாம்பார் தாளிக்கிறது அந்த காரிடார் முழுக்க போயிருக்கு, மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல அந்தப் பொம்பள. எக்ஸாஸ்ட் ஃபேன் மாத்துனோம். அடுத்த நியூ இயருக்கு ஆரஞ்சுப் பழம் வந்துச்சு, அப்பதான் நிம்மதி.

பாஷைல அஞ்சு டோன் (குரல ஏத்தி எறக்குறது), 44 மெய்யெழுத்து, எழுதுறப்போ வார்த்தைக்கு நடுவுல இடைவெளி கெடையாது. பக்கம், தூரம் ரெண்டுக்குமே க்ளைதான், டோன் மட்டும் மாறும், இப்படி ஒரு பாஷைய எந்தப் புண்ணியவான் வச்சான்னு தெரியல. பக்கம்னு காதுல விழுந்து ஏப்ரல் வெயில்ல மூணு கிலோமீட்டர் நடந்துருக்கேன். ஆனா நமக்கு ஒரு குறுக்குவழி இருக்கு, பாதி பெரிய வார்த்தைங்க சமஸ்கிருதம், பாலி வழியா வந்தது. ஆஹான்னா சாப்பாடு, ஆகாரம். பாசான்னா பாஷை. ஆச்சான்னா வாத்தியார், ஆசாரியர். நக்கோன் நகரம், ப்ரதேத் தேசம், காஞ்சனபுரி காஞ்சனபுரியேதான். பேசக் கத்துக்கிறதோட விடாதீங்க, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கோங்க. ஒரு ஆறு மாசம் மெனக்கெட்டா போதும், அதுக்கப்புறம் மெனு கார்டு, பஸ் போர்டு, கரண்ட் பில் எல்லாம் கண்ண தொறந்த மாதிரி ஆயிடும். வருஷக் கணக்கு மட்டும் பாத்துக்கோங்க, 543 கூட்டணும். என் மொத வாடகை அக்ரிமென்ட்ல 2559னு போட்டுருந்துச்சு, 500 வருஷத்துக்கு எழுதி வாங்குறாங்களான்னு ஒரு நிமிஷம் ஆடிப்போய்ட்டேன்.

சாப்பாட்டுல எனக்குப் பிரச்சினை இல்ல, நான் எல்லாம் சாப்புடுவேன். வீட்டுக்காரம்மா சைவம், அவளுக்குத்தான் கஷ்டம். மங்சவிரத்னு சொன்னா சைவம்னு புரிஞ்சுக்குவாங்க, மாம்ச விரதிங்குறதுதான் அது, ஆனா முட்டை வரும், மீன் சாஸும் சில இடத்துல வந்துரும், அதெல்லாம் மாமிசம்னு அவங்க கணக்குலயே இல்ல. "ஜே"னு கேளுங்க, அதான் சுத்தம், ஆனா அதுல பூண்டு வெங்காயம்கூட இருக்காது. மஞ்சக் கொடில சிவப்பு எழுத்து போட்டுருக்கும், அக்டோபர் வாக்குல ஒன்பது நாள் ஜே திருவிழா வரும், அப்ப மட்டும் எங்க வீட்ல வெளிய சாப்புடுறதுதான். கிட்டத்தட்ட அதே சமயம் நவராத்திரி, விஜயதசமி ராத்திரி சீலோம் ரோட்ட அடைச்சு மாரியம்மன் ஊர்வலம், சாமந்தி மாலையும் வெள்ளைச் சட்டையுமா வர்ற கூட்டத்துல முக்காவாசி தாய் ஆளுங்கதான், நாமதான் ஓரமா நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு இருப்போம். சாவோ சிங் சாங்குற பெரிய ஊஞ்சக் கம்பம் பக்கத்துல இருக்குற பிராமணர் கோயில்ல மார்கழி சமயத்துல த்ரியம்பவாய்னு ஒரு சடங்கு நடக்கும், பேரே திருவெம்பாவைல இருந்து வந்ததுதான். ஒரு வருஷம் போய்க் கேட்டேன், தமிழ்னு யாராவது சொன்னாத்தான் தமிழ்னு தெரியும், ஆனா முதுகு சிலுத்துச்சு.

கஷ்டம்னு பாத்தா, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் பிஎம் 2.5 புகை, பொண்ணுக்கு இருமல் நிக்காது, ஏர் ப்யூரிஃபையர் இல்லாம வீடு எடுக்காதீங்க. நிலம் வாங்க முடியாது, காண்டோங்குற ஃப்ளாட் மட்டும்தான், அதுவும் ஒரு பில்டிங்ல மொத்தத்துல 49 சதவீதம் வரைக்கும்தான் வெளிநாட்டுக்காரங்க. நேஷனல் பார்க் போனா ரெண்டு விலை, காவ் யாய்ல அவங்களுக்கு 40, நமக்கு 400. தாய் டிரைவிங் லைசென்ஸக் காட்டி ஒரு பார்க்ல உள்ளூர் விலைக்கு விட்டாங்க, இன்னொரு பார்க்ல அதே கார்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சிரிச்சிக்கிட்டே 400 கேட்டாங்க. மாசாமாசம் வரி கட்டுறேன், சோஷியல் செக்யூரிட்டிக்கும் புடிக்கிறாங்க (அது நல்ல விஷயம்தான், பொண்ணு பொறந்தப்போ உதவுச்சு), அப்புறமும் கேட்ல நிக்க வச்சு நீ கேக்தான்னு ஞாபகப்படுத்துறப்போ சுருக்குனுதான் இருக்கும். அரசியல், ராஜா குடும்பம் பத்தி வாயத் தொறக்காதீங்க, 112ன்னு ஒரு சட்டம் இருக்கு, 15 வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். நான் வந்த மூணாவது மாசம், 2016 அக்டோபர் 13, ராஜா பூமிபோல் இறந்துட்டாரு. கடைங்கள்ல கருப்புத் துணி தீந்துபோச்சு, ரோட்டோரத்துல அண்டா வச்சு ஃப்ரீயா துணிக்குக் கருப்புச் சாயம் போட்டுக் குடுத்தாங்க. நானும் ரெண்டு சட்டைய குடுத்துட்டு வரிசைல நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு தாத்தா சத்தமே இல்லாம அழுதுட்டு இருந்தாரு. அழுகை வராத நான் அங்க என்ன பண்றேன்னு தோணுச்சு, ஆனாலும் நின்னேன்.

2025 மார்ச் 28 நிலநடுக்கம். மையம் என்னமோ மியான்மர்ல, ஆனா பேங்காக்ல பில்டிங்கெல்லாம் தென்னமரம் மாதிரி ஆடுச்சு, சதுச்சக்ல கட்டிட்டு இருந்த ஒரு கட்டடம் அப்படியே சரிஞ்சு உக்காந்துருச்சு. ஆபீஸ்ல நாங்க 19 மாடி படில எறங்குனோம். ரயில் எல்லாம் நிறுத்திட்டாங்க, ஒன்பது கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தேன், ரோடு பூரா என்ன மாதிரியே நடக்குறவங்க, ஒரு ஹார்ன் சத்தம் இல்ல. எங்க சோய் (சந்து) மொனைல கப்ராவ்னு துளசி போட்டு வதக்குன சோறு போடுற அக்கா இருக்காங்க, நான் வந்தப்போ 40 பாட், இப்ப 60. கடைய மூடிட்டு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துருந்தாங்க, யார் யார் திரும்பிட்டாங்கன்னு கணக்கு எடுத்துட்டு இருந்துருக்காங்க. என்னப் பாத்ததும் உள்ள பாத்து மக கிட்ட கத்துனாங்க, "கேக் சோய் ராவ் வந்துட்டாரு"ன்னு. நம்ம சோய் கேக். என் பொண்டாட்டியும் புள்ளையும் அவங்க கடைக்குள்ளதான் உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற அனுமதி, எடுக்கலையான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு 100 பேருக்குத்தான், இந்தியாவுக்கும் அதே 100. கெடைச்சா 191,400 பாட் கட்டணும், தாய்ல பேசிக் காட்டணும். 90 நாள் ரிப்போர்ட் இருக்காது, ஆனா வெளிய போய்ட்டு வர்றதுக்கு அப்பவும் பெர்மிட் வாங்கணும். ஃபாரம் ரெண்டு வருஷமா டிராயர்ல கெடக்கு, வீட்டுக்காரம்மா அது மேலதான் கரண்ட் பில்ல வைக்கிறா. அடுத்த ரிப்போர்ட்டு செவ்வாக்கிழமை, லீவு சொல்லிட்டேன், ஃபோன்ல மூணு அலாரம் வச்சாச்சு.