பேக் பட்டனுக்கு ஒட்டி ரீஃப்ரெஷ் எதற்கு? டூல்பாரை மாற்றி வைத்துப் பல வருடம் பயன்படுத்தியதில் தெரிந்தவை

"பேக் அடிச்சேனுங்க, அத்தனையும் போயிருச்சுங்க." திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் பில் போடும் இடத்தில் இந்தப் பேச்சு புதிதல்ல. கிட்டப் போய்ப் பார்த்தால், பல நேரம் அவர் அடித்தது பிரவுசரின் பேக் பட்டனே இல்லை. அதே வரிசையில் அருகில் இருக்கும் ரீஃப்ரெஷ், அதாவது பக்கத்தைப் புதிதாகத் திறக்கும் பட்டன். முப்பது வரி இன்வாய்ஸ் போட்ட பக்கம் புதிதாகத் திறந்து வெறுமையாக நிற்கும். ஏற்கெனவே அனுப்பிய பக்கமாக இருந்தால் 'திரும்ப அனுப்பவா' என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் சரி என்று தட்டினால் அதே பதிவு இரண்டாவது முறை ஏறிவிடவும் கூடும்.

ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பட்டன்களை அளந்து பாருங்கள். பல ஆபீஸ்களில் இருக்கும் 18.5 அங்குல மானிட்டரில் (1366×768) ஒரு பிக்சல் 0.3 மி.மீ. டூல்பாரில், அதாவது பிரவுசரின் மேல் வரிசையில், ஒரு பட்டன் சுமார் 32 பிக்சல் என்றால் அகலம் 1 செ.மீ. அதே பட்டன் 15.6 அங்குல ஃபுல் எச்.டி. லேப்டாப்பில், ஸ்கேலிங் (எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்கும் விண்டோஸ் அமைப்பு) 100 சதவீதத்தில் இருந்தால், 6 மி.மீ.கூட வராது. 125 சதவீதம் வைத்தால் 7 மி.மீ., 150 வைத்தால் எட்டரை. திரையின் நடுவிலிருந்து இடது மேல் மூலைக்கு 18.5 அங்குலத்தில் சுமார் 23 செ.மீ., 24 அங்குலத்தில் 30 செ.மீ. குறி எவ்வளவு தூரமோ, எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு நேரம் கூடும், தவறும் கூடும். 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி இதுதான். இன்றும் பட்டன் வைப்பவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள்.

அந்த விதியிலேயே ஒரு சலுகையும் இருக்கிறது. திரையின் ஓரத்தை ஒட்டிய பட்டனுக்குக் குறி பார்க்கவே வேண்டாம். மவுஸை வேகமாகத் தள்ளினாலும் அம்பு ஓரத்தில் முட்டி நின்றுவிடும். குரோமில் ஜன்னலை முழுத்திரையாக விரித்திருக்கும்போது பேக் பட்டனின் தொடுபரப்பு இடது ஓரத்தின் கடைசி பிக்சல் வரை நீளும். படம் சற்று உள்ளே தெரிந்தாலும், ஓரத்தில் மோதவிட்டு அழுத்தினால் வேலை செய்யும். ஜன்னலைச் சுருக்கி வைத்தால் அந்த வசதி போய்விடும்.

இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்யும் மெர்ச்சண்டைசர்கள் (பனியன் ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்) இதைக் கவனிக்க வேண்டும். ஒரு திரையில் பையரின், அதாவது ஆர்டர் தருபவரின், போர்ட்டல், இன்னொன்றில் எக்செல் என்று வைத்திருப்பார்கள். போர்ட்டல் வலது மானிட்டரில் இருந்தால் அதன் இடது ஓரம் ஓரமே இல்லை. அம்பு வழுக்கிக்கொண்டு எக்செலுக்குப் போய்விடும். பிரவுசரை இடது மானிட்டருக்கு மாற்றுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய வித்தியாசம் இதுதான்.

இனி ரீஃப்ரெஷ். கோயமுத்தூர் பட்டறைகளில் மெஷின் ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்டார்ட் பட்டன் பச்சையாக, மட்டத்தோடு மட்டமாக இருக்கும். கை பட்டு ஓடிவிடக் கூடாது. ஸ்டாப் பட்டன் சிவப்பாகத் துருத்திக்கொண்டு, எந்த அவசரத்திலும் கைக்குக் கிடைக்கும். எதை அழுத்தினால் நட்டம் என்று யோசித்து வைத்த வைப்பு. பிரவுசரில் அடிக்கடி தேவைப்படுவது பேக். போட்ட வேலையை அழிக்கக்கூடியது ரீஃப்ரெஷ். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வரிசை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்ததில்லை. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களின் எக்ஸ் விண்டோவுக்கு வந்த மொசைக் என்ற ஆரம்பகாலப் பிரவுசரில் இந்தப் பட்டன்கள் ஜன்னலின் அடியில் இருந்தன. 2006-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 பேக்கையும் ஃபார்வர்டையும் இடப்பக்கம் பெரிதாக வைத்து, ரீஃப்ரெஷையும் ஸ்டாப்பையும் அட்ரஸ் பாருக்கு வலப்பக்கம் தள்ளியது. மேக்கில் சஃபாரியின் ரீஃப்ரெஷ் இன்றும் அட்ரஸ் பாரின் வலது முனையில்தான். நாள் முழுக்க ஃபாரம் நிரப்புகிறவர்களுக்கு அந்த வைப்பே சரி என்பது என் கணிப்பு.

ஃபயர்பாக்ஸில் இதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். டூல்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'கஸ்டமைஸ் டூல்பார்' எடுங்கள். ரீஃப்ரெஷை இழுத்து அட்ரஸ் பாருக்கு வலப்பக்கம் விடுங்கள். அது இருந்த இடத்தில் 'ஃப்ளெக்ஸிபிள் ஸ்பேஸ்' என்ற காலி இடம் ஒன்றை வையுங்கள். ஹோம் பட்டன் இருந்தால் எடுத்துவிடலாம். ஆல்ட் + ஹோம் அந்த வேலையைச் செய்யும். கீழே 'டென்சிட்டி'யில் 'டச்' தேர்ந்தெடுத்தால் பட்டன்கள் கொஞ்சம் பெருக்கும். 768 பிக்சல் உயரத் திரையில் ஒரு வரி போகும்; போகட்டும். குழம்பிவிட்டால் அங்கேயே 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' இருக்கிறது. 2014-இல் வந்த 29-ஆம் பதிப்பு பேக் பட்டனை அட்ரஸ் பாரோடு ஒட்டி நகர்த்த முடியாமல் செய்திருந்தது. 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்பிலிருந்து மறுபடி நகர்கிறது. 'பழைய ஃபயர்பாக்ஸில் முடியலீங்களே' என்று சொல்பவர்கள் இடைப்பட்ட காலத்தில் முயன்றவர்களாக இருக்கலாம்.

குரோமில் பேக்கும் ரீஃப்ரெஷும் நகராது. அங்கே செய்யக்கூடாதது ஒன்று உண்டு: இடம் மிச்சமாகட்டும் என்று ஃபார்வர்டை மறைக்காதீர்கள். அது அதிகம் பயன்படாத பட்டன் என்பது உண்மை. ஆனால் பேக்குக்கும் ரீஃப்ரெஷுக்கும் நடுவில் வரப்பு போல நிற்பது அதுதான். மங்கலாக இருக்கும்போது அதை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. கை 1 செ.மீ. தவறினாலும் போட்ட வேலை அழியாது. அதை எடுத்த மறுநிமிடம் ரீஃப்ரெஷ் வந்து பேக்கோடு ஒட்டிக்கொள்ளும். எட்ஜ் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதிக்குப் போய், ஃபார்வர்ட் பட்டன் எப்போதும் தெரியும்படி வைக்க வேண்டும். தானாகத் தோன்றி மறையும்படி விட்டால் பக்கத்துப் பட்டன்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், கைக்கு இடம் பழகாது. ஃபயர்பாக்ஸும் 2012-இல் இப்படி மறைத்துப் பார்த்து, பின்னால் கைவிட்டது.

பேக் அடித்தும் அதே பக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பட்டனில் கோளாறு இல்லை. இடையில் ஒரு பக்கம் உங்களைத் தானாக முன்னே தள்ளுகிறது. பேக் மீது ரைட் கிளிக் செய்தால் பார்த்த பக்கங்கள் வரிசையாக வரும். அப்படித் தள்ளும் பக்கத்தைத் தாண்டி, அதற்கு முந்தையதைத் தட்டுங்கள். இதே பட்டனில் மவுஸின் நடு உருளையை அழுத்தினால் முந்தைய பக்கம் புது டேபில் திறக்கும். போட்டுக்கொண்டிருக்கும் பக்கம் அப்படியே இருக்கும். பில்லிங் ஆட்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பழக்கம் இது.

'பேக் ஒரு தடவை அடிச்சா ரெண்டு பக்கம் தாவுதுங்க' என்பது வேறு நோய். மவுஸுக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் தேய்ந்தால் ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரை ஒற்றைக் கிளிக் செய்து பாருங்கள்; சில தடவை அதுவே திறந்துகொண்டால் மவுஸை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நிட்டிங், கட்டிங் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பஞ்சுத் தூசி சென்சார் துளையில் அடைந்து அம்பு குதிப்பதும் உண்டு. குச்சி பட்ஸால் துடைத்தால் போதும். புது மவுஸ் வாங்கும்போது கட்டைவிரல் பக்கம் இரண்டு பட்டன் உள்ளதாக வாங்குங்கள். அவை பேக், ஃபார்வர்ட். 30 செ.மீ. பயணமே மிச்சம்.

கீபோர்டில் ஆல்ட் + இடது அம்பு. பழைய ஆட்கள் பேக்ஸ்பேஸ் தேடுவார்கள். குரோம் 2016-இலும் ஃபயர்பாக்ஸ் 2021-இலும் அதை நிறுத்திவிட்டன. எழுத்தை அழிக்கப் போய்ப் பக்கத்தையே இழந்தவர்கள் ஏராளம் என்பதால் அது நல்ல முடிவு.

டச்பேடில் வேறு ஆபத்து. அகலமான அட்டவணையை இரண்டு விரலால் பக்கவாட்டில் நகர்த்தும்போது, முனைக்கு வந்த பிறகும் தள்ளினால் அது பேக் ஆகிவிடும். விண்டோஸில் ஃபயர்பாக்ஸுக்கு இது 105-ஆம் பதிப்பில், 2022-இல் வந்தது. ஃபாரம் வேலைக்கு மவுஸ் வைத்துக்கொள்வதே மேல்.

போனிலும் இதே கதை. ஈரோடு மஞ்சள் மண்டியில் ஒரு கையில் சாம்பிள், மறு கையில் போன் என்று நிற்பவருக்கு மேலே இருக்கும் அட்ரஸ் பார் எட்டாது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், கஸ்டமைஸ் வழியாக அதைக் கீழே வைக்கலாம். ஐபோன் சஃபாரியில் 2021 முதல் கீழே வைக்கும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து வந்த சைகை முறையில் ஓரத்திலிருந்து இழுத்தாலே பேக் என்பதால், அட்டவணையை நகர்த்த விரலை ஓரத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே வைத்துத் தொடங்குங்கள். அப்படியும் தவறினால் பழைய மூன்று பட்டன் முறைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப்பில் இடம் மாற்றிய பிறகு முதல் ஒன்றிரண்டு வாரம் கை பழைய இடத்துக்கே போகும். அதனால்தான் ரீஃப்ரெஷ் இருந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னது. டவுன்லோடையோ புக்மார்க்கையோ அங்கே கொண்டுவந்து நிரப்பாதீர்கள். ஷிஃப்ட் மாறி இரண்டு பேர் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால், இருவரும் ஒரே வைப்புக்கு ஒத்துக்கொண்ட பிறகே மாற்றுங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு விண்டோஸ் யூசர் திறந்து கொடுத்துவிடுங்கள்.