உரிமம் வாங்குவதா, கூட்டாய்வா?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், திறப்பு 1953. நம்மூர் வாயில் ‘சிக்ரி’. அங்கே உருவாகும் நுட்பம் பட்டறைக்கு வர முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, முடித்து வைத்த நுட்பத்துக்குக் கட்டணம் கட்டி உரிமம் வாங்குவது. சீக்கிரம் ஆகும். ஆனால் கட்டுமானக் கம்பி துருப்பிடிக்காமலிருக்க சிக்ரி தந்த சிமென்ட் பூச்சையே பாருங்கள்: முதலில் துருவை நீக்க வேண்டும், பிறகு பூச்சு, காய்ந்தபின் மேல்பூச்சு. செய்முறைத் தாளில் நாலு வரிதான். சித்திரை வெயிலில் கொத்தனார் அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் போச்சு! கண்ணாடிக் குடுவையில் சரியாக வந்தது பெரிய தொட்டியில் முரண்டு பிடிப்பதும் உண்டு.

மற்றது கூட்டாய்வு: தொழிற்சாலையே பணம் போட்டு, தன் சிக்கலை முதல் நாளே ஆய்வாளர் மேசையில் வைப்பது. காலம் இழுக்கும், செலவும் கூடும். விளைவு யாருக்குச் சொந்தம் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால், பங்காளிச் சண்டைதான்.

சிறு முலாம் பட்டறைக்கு உரிமமே கட்டுப்படியாகும், பயிற்சியையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கினால். புது மின்கலம் போன்றவற்றுக்கு நான் கூட்டாய்வையே சொல்வேன்.