ஸ்டாக்ஹோம் ‘ராஜாக்கள் நடை’: 450 குரோனாவில் பாதிதான் தேறும்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோமின் பழைய நகரமான கம்லா ஸ்டானைச் சுற்றிக்காட்டி, சுவீடன் ராஜாக்களின் கதையைச் சொல்கிறோம் என்று நிறையப் பேர் நடைச் சுற்றுலா நடத்துகிறார்கள். நாங்கள் போனது அதில் ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று மணி நேரம், ஆளுக்கு 450 குரோனா. முதல் இரண்டு மணி நேரம் சுமார், கடைசி ஒரு மணி நேரம் பிரமாதம். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்குக் கைடே தேவையில்லை, நீங்களே போய்ப் பார்க்கலாம்.

ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். வயது 71, முழங்கால் தொல்லை, ஆனால் சரித்திரம் என்று யாராவது சொன்னால் அவருக்கு முழங்கால் மறந்துபோகும். கூடவே பத்து வயது மகள். நான் இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருந்தும் அரண்மனையை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. எனவே மூன்று பேருக்கும் சேர்த்து பதிவு செய்தேன். காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். மாமாவுக்குக் கிடைத்தது கரகரவென்று இரைந்துகொண்டே இருந்தது, மாற்றிக் கேட்டதற்கு இருப்பில் வேறு இல்லையாம்.

முதல் நிறுத்தம் ஸ்டோர்டோர்யெட் என்கிற பழைய சதுக்கம். இங்கேதான் 1520 நவம்பரில் ‘ஸ்டாக்ஹோம் ரத்தக்குளியல்’ நடந்தது. டென்மார்க் ராஜா இரண்டாம் கிறிஸ்டியான் சுவீடனைப் பிடித்து, எல்லோருக்கும் பொதுமன்னிப்பு என்று வாக்குக் கொடுத்து, முடிசூட்டிக்கொண்டு, மூன்று நாள் விருந்து வைத்து, அப்புறம் அரண்மனைக் கதவுகளைச் சாத்திவிட்டு விருந்தாளிகளையே பிடித்தான். ஆயர்கள், பிரபுக்கள், நகரப் பெரியவர்கள் என்று ஏறக்குறைய 80 முதல் 100 பேர் இந்தச் சதுக்கத்தில் தலை போனார்கள். இந்தக் கதையை யார் சொன்னாலும் கேட்பவர்களுக்கு வயிறு கலங்கும், அதில் கைடுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. எதிரே இருக்கும் சிவப்பு வீட்டின் முகப்பில் பதித்த வெள்ளைக் கற்களைக் காட்டி, ஒரு கல்லுக்கு ஒரு தலை, எண்ணிப் பாருங்கள் என்றார். என் மகள் உண்மையாகவே எண்ண ஆரம்பித்துவிட்டாள். அந்த முகப்பு 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது, அதாவது வெட்டு நடந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. கற்கள் வெறும் அலங்காரம். கட்டுக்கதை என்று சொல்லிவிட்டுச் சொன்னால் அதுவும் ஒரு ருசிதான், ஆனால் காசு வாங்கிக்கொண்டு நிஜம் மாதிரி சொல்லக் கூடாது.

அன்றைக்குத் தலை போனவர்களில் ஒருவர் எரிக் யோஹான்சன். அவருடைய மகன்தான் குஸ்தாவ் வாசா. அவர் டலார்னா பக்கம் தப்பி ஓடி, மூரா ஊர் விவசாயிகளிடம் சேர்ந்து எழுங்கள் என்று கேட்டு, அவர்கள் தயங்கவும் நார்வே எல்லையை நோக்கிக் கிளம்பிவிட, மனம் மாறிய ஊர்க்காரர்கள் பனிச்சறுக்கில் இரண்டு ஆட்களை அனுப்பித் திரும்ப அழைத்து வந்தார்கள் என்பது கதை. அந்த வழியை நினைத்து 1922 முதல் வாசாலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. என் ஆபீஸில் பாதிப் பேர் மார்ச் மாதம் நொண்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான். 1523 ஜூன் 6ஆம் தேதி ஸ்ட்ரெங்னேஸ் ஊரில் வாசாவை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள், இன்றைக்கும் ஜூன் 6 தான் இந்த நாட்டின் தேசிய தினம். டேனிஷ் பிடி விட்டது, தேவாலயச் சொத்துகள் ராஜாவின் கைக்கு வந்தன, மகுடம் பரம்பரைச் சொத்தாக மாறியது. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கைடு நடந்துகொண்டே நாலு வரியில் முடித்துவிட்டு நினைவுப்பொருள் கடைக்குள் பதினைந்து நிமிடம் விட்டார். கடைக்காரரோடு ஏதோ ஏற்பாடு இருக்கும்போல.

நடுவில் காபி இடைவேளை, இலவங்கப்பட்டை பன்னோடு. பன் நன்றாகவே இருந்தது. அடால்ஃப் ஃப்ரெட்ரிக் என்ற ராஜா 1771இல் ஒரு பெரிய விருந்துக்குப் பிறகு செத்துப்போனார், கடைசியாகச் சாப்பிட்டது சூடான பாலில் ஊறிய செம்லா பன், அதுவும் 14 முறை என்று இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதையை அப்போது எடுத்துவிட்டார். பதினான்கோ நாலோ, யார் எண்ணினார்கள்? மாமா மட்டும் கையிலிருந்த பன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் ரிட்டர்ஹோல்மென் தேவாலயம். இதற்கான நுழைவுச்சீட்டு 450இல் சேர்த்தி இல்லை என்பது வாசலில்தான் தெரிந்தது, மறுபடி காசு. உள்ளே போனால் அந்தக் கோபம் கொஞ்சம் தணிந்தது. 1634இல் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபைப் புதைத்ததில் தொடங்கி 1950இல் இறந்த ஐந்தாம் குஸ்தாவ் வரைக்கும் சுவீடனை ஆண்டவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், கிறிஸ்டினா ராணி ஒருத்தியைத் தவிர. ஆறு வயதில் அரியணை ஏறி, 1654இல் தானாகவே மகுடத்தைக் கழற்றி வைத்து, கத்தோலிக்க மதத்துக்கு மாறி, ரோமில் போய் வாழ்ந்து செத்தவள் அவள். கல்லறை வாட்டிகனின் புனித பேதுரு பேராலயத்தில். அப்பா குஸ்தாவ் அடால்ஃப் புராட்டஸ்டண்ட் மதத்துக்காகச் சண்டை போட்டு உயிரை விட்டவர் என்பதையும் சேர்த்து யோசித்தால் எப்பேர்ப்பட்ட வீட்டுச் சண்டை இது! கைடு அவளைப் பற்றிச் சொன்னது, ஆண் உடை போடுவாள், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது மாக்னுஸ் லாடுலோஸ் கல்லறை. 1290இல் இறந்தவர். ‘களஞ்சியப் பூட்டு’ என்று அந்தப் பட்டப்பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள், பயணம் போகும் பிரபுக்கள் குடியானவன் வீட்டில் புகுந்து ஓசியில் சாப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டவராம். 2011இல் அவர் கல்லறையைத் திறந்து எலும்புகளை ஆராய்ந்தபோது, அவை அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து வாழ்ந்தவர்களுடையவை என்று தெரிந்தது. பெயர் எழுதிய கல்லுக்குக் கீழே யார் யாரோ. இதைக் கைடு சொல்லவே இல்லை, நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளைக் கல்லை எண்ணச் சொன்ன நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன். அரண்மனையின் அடியில், தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட நிலவறைகளில் லிவ்ருஸ்ட்கம்மரென் இருக்கிறது. அரச ஆயுதக்கூடம் என்று சொல்லலாம், ஆனால் ஆயுதத்தைவிடத் துணிதான் இங்கே விசேஷம். உள்ளே நுழைந்ததும் காதுக் கருவிகள் அத்தனையும் அடங்கிப்போயின, அந்தச் சுவருக்குள் அலை நுழையவில்லைபோல. கைடு முன்னால் போய் வாயசைத்துக்கொண்டிருந்தார், நாங்கள் பின்னால் நின்று நிம்மதியாகப் பார்த்தோம். இந்தச் சுற்றுலாவின் பொற்காலம் அதுதான்.

இந்தக் கூடம் பிறந்த கதையே விசித்திரம். 1627இல் போலந்துப் போரில் குஸ்தாவ் அடால்ஃபுக்குக் குண்டடி. அந்த ரத்தக்கறை படிந்த உடைகளைத் துவைக்க வேண்டாம், என்றென்றைக்கும் நினைவாக வையுங்கள் என்று 1628இல் அவரே உத்தரவு போட்டார். சுவீடனின் மிகப் பழைய அருங்காட்சியகம் இப்படித்தான் தொடங்கியது. அதே 1628 ஆகஸ்டில்தான் அவர் பெருமைக்குக் கட்டிய வாசா கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி 1,300 மீட்டர் போவதற்குள் கவிழ்ந்தது. ஒரே வருடத்தில் கப்பல் போனது, அழுக்குச் சட்டை நின்றது.

அந்தக் குண்டு வெளியே எடுக்க முடியாமல் உடம்பிலேயே தங்கிவிட்டது. இரும்புக் கவசம் போட்டால் வலி. அதனால் எல்க் மான் தோலில் தைத்த தடித்த அங்கியோடுதான் போருக்குப் போனார். 1632 நவம்பர், ஜெர்மனியின் லூட்சென், மூடுபனி. மனிதருக்குக் கிட்டப்பார்வை வேறு. குதிரைப்படையோடு போனவர் பனியிலும் புகையிலும் எதிரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். கையில் குண்டு, முதுகில் குண்டு, கடைசியில் தலையில். விழுந்த உடம்பிலிருந்து துணியையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள், வயது 37. போரில் சுவீடன் பக்கம்தான் கை ஓங்கியது என்பது வேறு விஷயம். அந்தத் தோல் அங்கி வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே கிட்டத்தட்ட முந்நூறு வருடம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பசியில் வாடிய ஆஸ்திரியாவுக்கு சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் உதவி செய்ததால், நன்றியாக 1920இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிப் பாருங்கள். வெண்ணெய் நிறத்தில் இருந்து பழுத்துப் பழுப்பேறிய தோல், சிம்மாசனத்தில் உட்காரும் ஆளின் உடுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒரு மெக்கானிக்கின் மேலங்கி மாதிரிதான் இருக்கிறது. துளைகள் தெரிகின்றன. பக்கத்திலேயே அவர் கடைசியாக ஏறிய குதிரை ஸ்ட்ரைஃப், தோலைப் பாடம் பண்ணி நிறுத்தியிருக்கிறார்கள். போரில் காயம்பட்டு அடுத்த வருடம் செத்த குதிரை. “அப்பா, இவ்வளவு சின்னக் குதிரையா?” என்றாள் மகள். படங்களில் பார்த்த ராஜா குதிரை அவள் மனதில் ஆனை அளவுக்கு இருந்திருக்கிறது.

பன்னிரண்டாம் கார்ல் இருக்கும் இடத்தில் மாமா நகர மறுத்துவிட்டார். 15 வயதில் ராஜா, பத்து வருடம் வெற்றி மேல் வெற்றி, 1709இல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் தோற்று ஒட்டோமான் மண்ணுக்கு ஓட்டம், அங்கே பெரும்பாலும் பெந்தர் ஊரில், கடனிலும் பிடிவாதத்திலும் ஐந்து வருடம். துருக்கியர்களோடு அங்கே நடந்த கைகலப்பிலிருந்துதான் ‘கலபலிக்’ என்ற சொல் சுவீடிஷ் மொழிக்கு வந்தது, இன்றைக்கும் சின்னக் குழப்பம் என்றால் இவர்கள் வாயில் அதுதான் வரும். 1718 நவம்பர் 30 இரவு, அன்று டென்மார்க் ராஜாவின் கையில் இருந்த நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டென் கோட்டைக்கு வெளியே பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டியபோது குண்டு பாய்ந்தது. கோட்டையிலிருந்து வந்ததா, சொந்த ஆளே சுட்டானா என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. சவப்பெட்டியை 1746, 1799, 1859, 1917 என்று நாலு முறை திறந்து பார்த்திருக்கிறார்கள்.

இங்கே அவருடைய நீலச் சீருடை இருக்கிறது. சரிகை அலங்காரம் எதுவும் இல்லாத சாதாரண சிப்பாய் உடுப்பு. பெரிய பூட்ஸ். ரத்தம் ஊறிக் கறுத்த கையுறை. அப்புறம் அந்தக் கறுப்புத் தொப்பி, அதில் ஒரு துளை. ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். சுவீடன் வல்லரசாக இருந்த காலம் அந்தத் துளையோடு முடிந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “மாப்பிள்ளை, பக்கத்திலிருந்து சுட்டிருந்தா இப்படியா இருக்கும்?” என்று ஆரம்பித்து துப்பறிய இறங்கிவிட்டார்.

கார்லுக்குப் பின் தங்கை உல்ரிகா எலியனோரா ராணியானாள், 1720இல் புருஷனுக்கு விட்டுக்கொடுத்தாள். தொப்பி விவகாரத்தில் சந்தேகப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் அந்தப் புருஷனுடையதும் ஒன்று. அவள் பெயரைச் சுமந்த சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று 1733இல் நம் பரங்கிப்பேட்டைக்கு வந்து பண்டகசாலை போட, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அடித்துப் பிடுங்கினார்கள். இதைக் கைடிடம் சொன்னேன், “அப்படியா” என்றார்.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் மூன்றாம் குஸ்தாவ். 1792 மார்ச் 16, தானே கட்டிய ஓபராவில் முகமூடி நடனம். வராதீர்கள், கொல்லப் போகிறார்கள் என்று மொட்டைக் கடிதம் வந்தும் போனார். முகமூடி போட்டும் மார்பில் விருது நட்சத்திரம் குத்தியிருந்ததால் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆங்கர்ஸ்ட்ரோம் என்ற முன்னாள் படை அதிகாரி பின்னாலிருந்து சுட்டான். உடனே சாகவில்லை, காயம் சீழ்பிடித்து 13 நாள் கழித்துத்தான். உடுப்பு, முகமூடி, துப்பாக்கிகள் எல்லாம் இருக்கின்றன. கொலைகாரனின் பொருளையும் செத்தவனின் பொருளையும் அருகருகே வைத்தவர்களின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

கீழ்த்தளத்தில் தங்க முலாம் பூசிய கோச்சுவண்டிகள். மகளுக்குப் பிடித்தது, எனக்கு ஐந்து நிமிடத்தில் போதும் என்றாகிவிட்டது. இப்போதைய பெர்னடாட் வம்சத்தைக் கைடு வாசலில் நின்று அரை நிமிடத்தில் முடித்தார். 1810இல் வாரிசு இல்லாமல் தவித்தபோது நெப்போலியனின் தளபதி ஒருவரைக் கூப்பிட்டு இளவரசராக்கினார்கள், அவர் சாகும்வரை சுவீடிஷ் கற்றுக்கொள்ளவில்லை. இன்றைய ராஜா பதினாறாம் கார்ல் குஸ்தாவ். உண்மையில் பத்தாவது கார்ல்தான், முதல் ஆறு பேர் 16ஆம் நூற்றாண்டில் ஒரு கற்பனைச் சரித்திரத்தில் முளைத்தவர்கள். 1975இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டப்படி அவருக்கு ஆளும் அதிகாரம் எதுவும் இல்லை.

போகிறவர்களுக்கு: கம்லா ஸ்டான் தெருவெல்லாம் உருளைக்கல், முழங்கால்காரர்கள் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ரிட்டர்ஹோல்மென் தேவாலயம் வருடம் முழுக்கத் திறந்திருக்காது, நேரத்தை முன்னாடியே பாருங்கள். ஆயுதக்கூடத்துக்கு அரண்மனையின் ஸ்லோட்ஸ்பாக்கென் பக்கத்து வாசல். துணி கெடாமலிருக்க உள்ளே வெளிச்சம் குறைவாக வைத்திருக்கிறார்கள், கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். சுற்றுலாவுக்கு ஐந்தில் இரண்டரை, ஆயுதக்கூடத்துக்கு ஐந்துக்கு ஐந்து.

மறுநாள் நான் ஆபீஸ் போனபிறகு மாமா தனியாக பஸ் பிடித்து அங்கே மறுபடி போய்விட்டு வந்திருக்கிறார். தொப்பியை மட்டும் இன்னொரு தடவை பார்க்கணுமாம்.