கடுகு டப்பா விளம்பரமும் என் புதுக் கணக்கும்

போன ஆடி வெள்ளிக்கிழமை குடியாத்தத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பக்கத்திலேயே ஒரு தனியார் வங்கி பந்தல் போட்டு, வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. ‘கடுகு டப்பா லட்சுமிக்கு இனி எங்களிடம் இடம்’ என்று பேனர். பெண்களுக்கான சேமிப்புக் கணக்காம். சேர்ந்தால் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி, ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ்.

பேனரைப் பார்த்ததும் அம்மா ஞாபகம்தான். மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிய கூலியில் ஐந்தோ பத்தோ கடுகுக்கு அடியில் போய்விடும். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. என்னுடைய முதல் தையல் மெஷின் அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான். எழுதினவர் யாரோ நம் அடுப்படியை அறிந்தவர் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

தாம்பூலத் தட்டை நீட்டிய பெண் எனக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அப்பா போய் ஆறு வருஷம். அம்மாவும் அவளாகவே ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? தட்டு என்று எடுத்தாலே அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் கடுகு டப்பாவுக்கு முழுச் சொந்தக்காரி அம்மாதான், அவளிடம் ஒருவரும் படிவம் நீட்டவில்லை.

அப்புறம் போன் நம்பர். “ஓ.டி.பி. வரணும்கா, வீட்டுக்காரர் நம்பர் கொடுத்துடுங்க” என்றார் படிவம் நிரப்பிய தம்பி. கூட்டத்தில் நானும் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். முதல் தடவை 1,500 ரூபாய் போட்டேன். நான் வீடு வந்து சேருவதற்குள் அவருக்கு மெசேஜ் போய்விட்டது. “பணம் புரளுது போல?” என்றார் சிரித்துக்கொண்டே. மறுவாரம் வண்டி டயருக்கு 1,000 கேட்டார். கடுகு டப்பா என்றைக்காவது அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறதா? என் நம்பருக்கு மாற்ற இரண்டு முறை கடையைப் பூட்டிவிட்டு அலைந்தேன்.

குறைந்தபட்சம் 2,000 இருக்க வேண்டும் என்பது பிடித்தம் செய்த பிறகுதான் தெரிந்தது. 2014-ல் வந்த ஜன்தன் கணக்கு ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறேன். அதில் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் அதில்தான் விழுகிறது. தபால் ஆபீஸ் ஆர்.டி.யும் மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம், 5 வருஷம் கட்ட வேண்டும். அங்கே தோரணமும் இல்லை, தட்டும் இல்லை. போன மாதம் அம்மா பேரில் ஒன்று போட்டுவிட்டோம்.

மற்றபடி கிளையில் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ரவிக்கைத் துணி முக்கால் மீட்டர்கூடத் தேறாது, கை வைத்துத் தைக்கப் பற்றவில்லை. சிமிழ் மட்டும் நல்ல கனம். ரவிக்கைக் கொக்கிகளைப் போட்டு மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.