திராட்சையில் நோய் எதிர்ப்பு: ஒரு மரபணு போதுமா, இரண்டு வேண்டுமா?

ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நல்ல ரகத்துக்குள் கொண்டுவருவது எளிது. கலப்பு செய்து, நாற்றுகளில் அடிச்சாம்பல் என்ற இலைநோயின் கிருமியைத் தெளித்து, தாங்கியதை எடுத்துக்கொண்டால் சரி. ஆனால் கிருமி சும்மா இருக்காது. ஹங்கேரியின் பியான்கா ரகத்தில் இருக்கும் ஆர்பிவி3 என்ற மரபணு தரும் எதிர்ப்பை அடிச்சாம்பல் கிருமியின் ஒரு வகை முறியடித்துவிட்டதாக 2010-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கொடியோ நட்டால் பல பத்தாண்டுகள் நிற்க வேண்டியது, நெல்லைப் போல அடுத்த பருவத்தில் ரகத்தை மாற்ற முடியாது.

இரண்டு, மூன்று மரபணுக்களை ஒரே செடியில் அடுக்கினால், கிருமி எல்லாவற்றையும் ஒருசேரத் தாண்டியாக வேண்டும், அது மிகவும் அரிது. சிக்கல் தேர்வில்தான்: ஒரு மரபணு உள்ள நாற்றும் இரண்டு உள்ள நாற்றும் பார்வைக்கு ஒரேபோல நோயின்றி நிற்கும், அதனால் டிஎன்ஏ மார்க்கர் (மரபணு இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) இல்லாமல் பிரிக்கவே முடியாது. பிரான்ஸ் இப்படி உருவாக்கிய ஆர்தபான், ஃப்ளோரியால் போன்ற ரகங்கள் 2018-இல் பதிவாகின. அப்புறம், கிருமி ஏற்கெனவே முறியடித்த மரபணுவை அடுக்கில் சேர்த்தால் பாதுகாப்பு பெரும்பாலும் மற்றதன் தலையில்தான் விழும்.

என் தேர்வு அடுக்குதான், காலம் அதிகம் பிடித்தாலும். அதிலும் கருப்பழுகல் போன்ற மற்ற நோய்களுக்காகக் கொஞ்சமாவது மருந்து தெளிப்பதை விடக்கூடாது.