விண்டோஸ் காலாவதி என்று சொல்லிப் பெரியவர்களை ஏமாற்றுகிறார்கள்: கடலூர்க்காரர்கள் கவனத்துக்கு

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இதை முழுவதும் படித்துவிடுங்கள். "விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டது, இனி பேங்க் திறக்காது, பென்ஷன் நின்றுவிடும்" என்று பயமுறுத்திப் பணம் வாங்குவது நம் ஊரிலும் நடக்கிறது. என் பெரியப்பாவுக்கு நடந்தது. பணம் போனதைவிட அவர் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்தவற்றை அழித்துவிட்டு, அழித்ததைச் சொல்லவும் இல்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரியப்பா அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மாவுடன் புதுப்பாளையத்தில் இருக்கிறார். 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப்பில் வங்கிக் கணக்கு பார்ப்பார், மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் எழுதுவார். அதைவிட முக்கியமாக, திருநாவுக்கரசருக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வருகிறார். திருவதிகை, கரையேறவிட்டகுப்பம், பாடலீஸ்வரர் கோயில் என்று நேரில் போய்க் கேட்டறிந்தவற்றையெல்லாம் வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்து வைப்பார்.

கடந்த மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போனபோது ஒரு தொல்லை தொடங்கியது. கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றது. வங்கியின் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பு எச்சரிக்கை வந்தது. பெரியப்பா பயந்துபோய், திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு கடைக்கு ஆட்டோவில் சிபியூவை எடுத்துச் சென்றார். கடையின் பெயரை எழுதப் போவதில்லை.

அங்கே கிடைத்த பதில் இது: "மதர்போர்டு போயிருக்கிறது சார். விண்டோஸ் 10 வேறு அக்டோபரோடு முடிந்துவிட்டது. நவம்பரில் நீங்கள் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் போட முடியாது. விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும்." கட்டணம் 6,800 ரூபாய். "தம்பி, உள்ளே என் எழுத்து எல்லாம் இருக்கிறது" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். "அது அப்படியே இருக்கும் சார்" என்றார்கள்.

உண்மையில் கெட்டுப்போனது மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான் பேட்டரி. சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும், ஐம்பது ரூபாய்க்குள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னால் போகும். வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டர் தன்னைப் பழைய ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இல்லை. சிபியூ திரும்பி வந்தபோது உள்ளே புதிய பேட்டரி இருந்தது. மதர்போர்டு அதே பழைய மதர்போர்டு.

விண்டோஸ் 10 பற்றிச் சொன்னதும் பாதி உண்மைதான். மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஓடாது என்று அதற்குப் பொருள் இல்லை. புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது, அவ்வளவுதான். அதற்கும் வீட்டு உபயோகத்தில் இருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லாமலே சேரலாம். பெரியப்பாவின் கம்ப்யூட்டருக்கு அது போதும்.

விண்டோஸ் 11 அந்த இயந்திரத்துக்கு உரியதே அல்ல. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2014-இல் வாங்கியது நான்காம் தலைமுறை. அந்தச் சோதனையைத் தவிர்த்துக் குறுக்கு வழியில் நிறுவியிருக்கிறார்கள். அப்படி நிறுவிய கம்ப்யூட்டருக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பாதுகாப்புக்கு என்று சொல்லிச் செய்த வேலையின் லட்சணம் இது.

பெரியப்பா அழைத்து நான் போய்ப் பார்த்தபோது இன்னும் மோசமானவை தெரிந்தன. விண்டோஸ் உரிமத்தின் நிலையைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தில், நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயங்குகிறது என்று எழுதியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம்? திருட்டுப் பிரதியைச் செல்ல வைக்கும் மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து நீக்கிவிடக் கூடாது என்பதற்காக, வைரஸ் தடுப்பில் சி டிரைவ் முழுவதையும் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவிடம் முறையான உரிமம் இருந்தது. விண்டோஸ் 8.1-இலிருந்து இலவசமாக விண்டோஸ் 10-க்கு மாறியவர் அவர். அதை எடுத்துவிட்டுத் திருட்டுச் சரக்கைப் போட்டு அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள்.

எனிடெஸ்க் என்ற மென்பொருளும் இருந்தது. தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவுவது. யாரும் அனுமதி கொடுக்காமலே கடவுச்சொல் போட்டு உள்ளே வரும்படி அமைத்திருந்தார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் முதியவரின் கம்ப்யூட்டரில்! கேட்டதற்கு, "சார் அடிக்கடி கூப்பிடுவார், நாங்கள் இங்கிருந்தே பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். எட்டு ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) இருந்த இடத்தில் நான்கு ஜிபி மட்டும் இருந்தது. முதலில் அப்படித்தான் இருந்தது என்று சாதித்தார்கள். 2014-ஆம் ஆண்டு பில்லைப் பெரியப்பா பத்திரமாக வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகு மற்றொரு ராம் வந்து சேர்ந்தது.

இனி அந்தக் குறிப்புகள். ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டார்கள். அதற்குமுன் சில கோப்புகளை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டிருந்தார்கள். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து கிடந்தன. "வைரஸ் தின்றுவிட்டது சார், மற்றதும் இப்படித்தான் இருந்தது, அதனால் எடுக்கவில்லை" என்றார்களாம். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரியப்பா, இன்றைய பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்பவர். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை அப்படித்தான் தெரியும். எழுத்துருவை நிறுவினால் அத்தனையும் தமிழாகிவிடும். தமிழ்நாட்டில் கடை வைத்திருப்பவர் இதை அறியாமல் ஒரு மனிதரின் உழைப்பைக் குப்பை என்று முடிவு கட்டியிருக்கிறார்.

உடனே கம்ப்யூட்டரை நிறுத்தச் சொன்னேன். இது மிக முக்கியம். அழிந்த கோப்புகளின் மேல் புதிதாக ஏதாவது எழுதப்பட்டால் மீட்க வழியில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினோம். பெரும்பகுதி கிடைத்தது. ஆனால் அது கோப்புகளின் பழைய பெயர்களை மீட்பதில்லை, வெறும் எண்களாகவே தரும். எது திருவதிகை, எது வீட்டு வரி விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பெரியப்பா பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. அவர் வயதில் அது சின்ன வேலை அல்ல. விண்டோஸ் 10-ஐ மீண்டும் நிறுவியதும் மதர்போர்டோடு சேர்ந்த உரிமம் தானாகவே வேலை செய்தது. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று போட்டதில் வேகமும் கூடிவிட்டது. குறிப்புகளின் பிரதி ஒன்று இப்போது புதுச்சேரியில் இருக்கும் அக்கா வீட்டில் இருக்கிறது.

உறவினர்கள் சொல்லும் யோசனையிலும் எனக்கு வருத்தம் உண்டு. "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டேப் வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா" என்றார் மஸ்கட் அண்ணன். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பெரியப்பாவுக்குப் பெரிய திரை வேண்டும், விரல் பழகிய விசைப்பலகை வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறீர்கள் என்று கடைக்காரரும் கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கம்ப்யூட்டர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் கைப்பேசியின் கேமராவால் முகத்தைக் காட்டியே பதியலாம். தபால்காரர் வீட்டுக்கு வந்தும் செய்து தருகிறார்.

ஏற்கெனவே கடையில் கொடுத்து வாங்கியிருந்தால், டாஸ்க் மேனேஜரில் ராம் அளவையும், ஆக்டிவேஷன் பக்கத்தையும், விண்டோஸ் செக்யூரிட்டியில் விலக்குகள் என்ற பட்டியலையும் இன்றே பாருங்கள். தெரியாத ரிமோட் மென்பொருள் இருந்தால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு நீக்குங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

6,800 ரூபாயைத் திருப்பித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எங்களிடம் இருப்பது "சர்வீஸ் 6,800" என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், அக்கா யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவும்தான். அப்படிப்பட்ட சீட்டு உங்கள் வீட்டிலும் கிடந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.