குழாய் சரியாகி ஏழு மாதம் ஆச்சு, ஆப்புக்கு இன்னும் தெரியவில்லை

வீடியோ ஆப்பில் வரும் பரிந்துரைகளை மொத்தமாக நிறுத்திவிடலாமா என்று நண்பன் கேட்டான். ஆறு வருடமாக ஒரே ஆப்பைக் கட்டி அழுகிறவன் நான், சொல்லத் தகுதி உண்டு. பெயர் வேண்டாம். இந்த ரகமெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

ஏழு மாதத்துக்கு முன் வீட்டுக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வீடியோ பார்த்து வாஷரை நானே மாற்றினேன். சொட்டு நின்றது, ஆப் நிற்கவில்லை. காலையில் திறந்தால் குழாய், தூங்கப் போகும் முன் குழாய். வாயைப் பிளந்தபடி ஒருவர், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி, ‘இந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க!’ ‘ஆர்வமில்லை’ பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ரெண்டு நாள் அடங்கும், அப்புறம் ஷவரில் ஆரம்பிக்கும்.

காரணம் தெரியாமல் இல்லை. யூடியூப் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கிறது: லட்சோபலட்சம் வீடியோக்களிலிருந்து முதலில் சில நூறைச் சலித்தெடுப்பார்கள். பிறகு, ஆள் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று கணித்து அவற்றை வரிசைப்படுத்துவார்கள். எரிச்சலோடு பார்த்த நாலு நிமிடமும் அந்தக் கணக்கில் நாலு நிமிடம்தான். அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று பார்க்க நானே எத்தனை முறை தொட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, நியாயமாகவும் பேசுவோம். போன மாதம் அதே வரிசையில் ஒரு பெரியவர் வந்தார். நாற்பது நிமிடம், ஒரு வார்த்தை பேசாமல், பழைய சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுகிறார். பார்த்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். நானாகத் தேடியிருந்தால் எந்தச் சொல்லைப் போட்டிருப்பேன்? என்னைப் போலக் குழாய் பார்த்த யாரோ கடிகாரமும் பார்த்திருக்க வேண்டும். அவர் நல்லா இருக்கட்டும்.

பார்த்த வரலாற்றை ஒருமுறை முழுசாக அழித்தும் பார்த்தேன். ஒரு வாரம் சண்டை, அழுகை, கிசுகிசு. அதற்குக் குழாயே தேவலை.

நண்பனுக்கு ‘யோசிக்காதே, நிறுத்திவிடு’ என்று பதில் போட்டேன். நீ நிறுத்திவிட்டாயா என்று திருப்பிக் கேட்டான். பெரியவர் நேற்று இன்னொரு கடிகாரத்தைப் பிரித்திருக்கிறார், அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.